குறட்டை நிற்கும் நொடிகள்

குறட்டைக்காக எங்கள் பிரிவுக்குத் தாமாக வருவோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் அழைத்து வரப்படுகின்றனர். அழைத்து வருபவர் மனைவி, இல்லையேல் மகள். நோயாளரோ, "படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதேன் டாக்டர், எனக்கு என்ன கொறை?" என்கிறார். அவர் கூறுவது பொய்யன்று. தம் உறக்கத்தை அவர் கண்டதில்லை, அவ்வளவே. ஆதலால் இக்கட்டுரையை நோயாளரைவிட, அருகில் படுத்திருப்பவரை முன்னிட்டே எழுதுகிறோம்.

விழித்திருக்கையில் தொண்டைத் தசைகள் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னோக்கிச் சரிகிறது. குறுகிய பாதையில் காற்று செல்லும்போது தொண்டையின் மென்தசைகள் அதிர்கின்றன. அதுவே குறட்டை. பாளையங்கால்வாயில் மடை குறுகிய இடத்தில்தான் நீர் இரைகிறது. மடையை முழுதும் அடைத்துவிட்டால் இரைச்சலே இராது. தொண்டையும் அவ்வாறே. எனவே எங்களுக்குக் கவலை தருவது குறட்டையின் ஓசையன்று, இடையில் விழும் அமைதி. பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, இரத்தத்தில் உயிர்வளி குறைந்து, மூளை அவரை அரைகுறையாக எழுப்ப, பெருமூச்சும் திணறலுமாக மீண்டும் குறட்டை தொடங்குகிறது. காலையில் அவருக்கு இவற்றில் எதுவும் நினைவிராது. இதுவே ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை.

ஒரு மணி நேரத்தில் இத்தகைய தடைகள் 5 முதல் 15 வரை எனில் லேசானது; 30க்கு மேல் எனில் கடுமையானது. 30 என்றால், ஏழு மணி நேர உறக்கத்தில் இருநூறு முறைக்கு மேல் என்று பொருள். ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் எகிறுகிறது, இதயம் திணறுகிறது. மூன்று மாத்திரைகள் உட்கொண்டும் இரத்த அழுத்தம் அடங்காதவரிடம் நாங்கள் உறக்கத்தைப் பற்றியும் வினவுவது இதனால்தான். இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் தமது 69ஆம் வயதில் காலமானார். பல உடல்நலக் குறைவுகள் இருந்த அவரது இறப்புக்குக் காரணமாக மருத்துவர்கள் தெரிவித்தது இந்நோயையே.

பகலில் தோன்றும் அடையாளங்களும் உண்டு. காலைத் தலைவலி, வறண்ட வாய், இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுதல், எரிச்சல், மறதி, பேருந்தில் அமர்ந்த மாத்திரத்தில் கண்ணயர்தல். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மிகுந்தவர்களிடம் ஐயம் வலுக்கிறது. எனினும் மெலிந்தவர்களும் தப்புவதில்லை. தாடை சிறுத்தோ பின்வாங்கியோ இருந்தாலே போதும். பெண்களின் நிலை வேறு. மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கும் இந்நோய் பெருகுகிறது. ஆனால் அவர்கள் சொல்வது அசதி, உறக்கமின்மை என்று மட்டுமே; வீட்டாரும் இரத்தக்குறைவு என்று எண்ணி இருந்துவிடுகின்றனர். அம்மாவின் குறட்டையை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஐயம் எழுந்தால், உறங்குபவரைக் கைப்பேசியில் சில நிமிடங்கள் பதிவு செய்து கொண்டு வாருங்கள். அவரைக் கேலி செய்வதற்காக அன்று. எங்களுக்கு அது பயன்மிக்க சான்று. அதன்பின் ஓரிரவு உறக்கப் பரிசோதனை நோயை உறுதி செய்யும். சிலருக்கு அதனை வீட்டிலேயே சிறு கருவி கொண்டு செய்யலாம்.

எடை மிகுந்தவருக்கு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே நல்ல மாற்றம் தெரியும். ஒருக்களித்துப் படுத்தல் உதவும். மதுவும், தாமாக வாங்கி விழுங்கும் தூக்க மாத்திரையும் தொண்டையை மேலும் தளர்த்துவன, அறவே வேண்டா. குறட்டை மோதிரம், மூக்குக் கவ்வி முதலிய விளம்பரப் பொருள்கள் மூச்சுத்தடையைத் தீர்ப்பதில்லை. லேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னிறுத்தும் பற்கருவி சிலருக்குப் பொருந்தும். அறுவை மருத்துவம் தேர்ந்தெடுத்த சிலருக்கே.

நடுத்தர, கடும் நோய்க்கு முதன்மையான மருத்துவம் சிபாப் கருவி. சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியே இடைவிடாது செலுத்தப்படும் காற்றழுத்தம், தொண்டையை மூடவிடாமல் தாங்கி நிற்கிறது. முதல் வாரம் தொல்லையாகவே இருக்கும். பலர் அப்போதுதான் அதைப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். காற்றுக் கசிந்தால் முகமூடியின் அளவை மாற்றலாம். மூக்கு வறண்டால் ஈரப்பதக் கலம் இணைக்கலாம். அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். தாமிரபரணித் தண்ணீர் எத்துணைச் சுவையுடையதாயினும் அதற்கு ஆகாது. மின்தடைக்கு இன்வெர்ட்டர் போதும். கைவிடுமுன் எங்களிடம் ஒருமுறை வாருங்கள்.

இரவில் மதுரைச் சாலையில் லாரியோ வேனோ ஓட்டுபவருக்கு ஒன்று கூறவேண்டும்: பகலுறக்கம் கட்டுக்குள் வரும்வரை ஓட்டவேண்டாம். பிழைப்பு அதில்தான் என்பதை அறிவோம். ஆகவே அவர்களுக்குப் பரிசோதனையை விரைந்து முடிக்கவே முயல்கிறோம்.

வேறெந்த அறுவைக்காக எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், மயக்க மருந்து நிபுணரிடம் இந்நோயைச் சொல்லிவிடுங்கள். சிபாப் கருவியையும் முகமூடியையும் மாற்றுடைகளோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.