மணப்பெண் வேடம் கட்டிய அர்ஜி

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ 1994-இல் வந்த ஆங்கில நாவல்; அதில் வரும் வீடு என்னவோ நமக்குப் பழகிய தமிழ் வீடு. கொழும்பில் தாத்தா வீட்டுக்குப் போனால் கதைநாயகனான சிறுவன் அர்ஜி பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு ஆடுவான். சேலை சுற்றி அவனே மணப்பெண். பெரியவர்கள் பார்த்துவிட, கிரிக்கெட் ஆடத் துரத்துகிறார்கள். அதைவிடக் கொடுமை, அம்மா சேலை கட்டும்போது கூட இருந்து ரசித்தவனுக்கு இனி அறைக்கதவு திறக்காது. என்னை அதிகம் உலுக்கியது அந்தக் கதவுதான். வளர்ந்தபின் சிங்கள நண்பன் ஷெஹானிடம் காதல். தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிகிறது. குடும்பம் கனடா புறப்படுகிறது. செல்வதுரையின் குடும்பமும் அப்படிப் போனதுதான். ஆறு கதைகளாலான நாவல் இது. முழுதும் படிக்க நேரமில்லையா? முதல் கதையையாவது படித்துவிடுங்கள்.