இடிபடாத சந்துகள்

இந்தியப் பள்ளிகளில் கட்டுரை எழுதக் கற்றுத்தருவது என்றால் பெரும்பாலும் மனப்பாடம் செய்யவைப்பதுதான். இந்தி வகுப்போ தமிழ் வகுப்போ, பசு சாதுவான பிராணி, தீபாவளி மகிழ்ச்சியான பண்டிகை, கிராமம் அழகானது. நகரத்துக் குடிசைப் பகுதியில் வளரும் மாணவன்கூட தான் பார்த்தேயிராத பச்சை வயல்களை வர்ணித்து மதிப்பெண் வாங்கிவிடுகிறான். அவனுடைய தெரு மட்டும் விடைத்தாளில் வருவதில்லை.

தில்லியில் ஒரு முயற்சி இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. மாற்றுக் கல்விக்காக இயங்கும் அங்கூர் அமைப்பும், சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையத்தின் சராய் பிரிவும் சேர்ந்து 2001இல் தொடங்கிய 'சைபர்மொஹல்லா' அது. முதல் மையம் மத்திய தில்லியின் எல்.என்.ஜே.பி. காலனியில். பிறகு தட்சிண்புரியிலும், யமுனைக் கரையில் இருந்த நங்லா மாஞ்சியிலும். வந்தவர்கள் பதின்வயதினர், இருபதைத் தாண்டிய இளைஞர்கள். சிலர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள்.

கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் இருந்தன. ஆனால் பெயரில் இருந்த 'சைபரை'விட முக்கியமாக அமைந்தது பழங்காலத்து சமாசாரம்தான்: எழுதியதைச் சுற்றி உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது. கேட்பவர்களும் அதே சந்துக்காரர்கள் என்பதால் பொத்தாம்பொதுவாக எழுதித் தப்பிக்க முடியாது. 'குழாயடியில் ஒரே கூட்டம்' என்ற வரிக்குப் பள்ளி ஆசிரியர் 'சரி' போட்டுவிடுவார். தினமும் அங்கே குடம் வைக்கிறவர்கள் விடுவார்களா? எத்தனை மணிக்கு? முதலில் இடம் பிடித்தது யார்? தண்ணீர் நிற்பதற்கு முன் குழாய் என்ன சத்தம் போடும்? பதில் தெரியாவிட்டால் மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். 'அழகான', 'பயங்கரமான' போன்ற சொற்கள் எழுதுபவரின் தீர்ப்பை மட்டுமே சொல்கின்றன. நேரமும் சத்தமும் பொருளும் இருந்தால்தான் வாசிப்பவர் அந்த இடத்தில் போய் நிற்க முடியும்.

இப்படி எழுதியவற்றின் தொகுப்பு 'கலியோன் ஸே' ('சந்துகளிலிருந்து') 2002இல் வந்தது.

2006இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் நங்லா மாஞ்சி இடிக்கப்பட்டது. கோப்புகளைப் பொறுத்தவரை அது ஓர் ஆக்கிரமிப்பு, அவ்வளவே. குடும்பங்கள் ரேஷன் கார்டும் கையுமாக அலைந்தன. தகுதி பெற்றவர்களுக்கு நகரின் வடமேற்கு விளிம்பில், சாவ்தா கேவ்ராவில் 18 அல்லது 12.5 சதுர மீட்டர் மனை. எத்தனை ஆண்டு குடியிருந்தார்கள் என்பதற்குக் கார்டு சாட்சி சொல்லும். எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு?

அதைத்தான் இந்த இளைஞர்கள் எழுதினார்கள், இடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே. அந்த எழுத்துகளும் சேர்ந்து 2007இல் 'பஹுரூபியா ஷஹர்' என்ற இந்தி நூலாயிற்று. ஷ்வேதா சர்தாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'டிரிக்ஸ்டர் சிட்டி' 2010இல் வெளியானது. (பஹுரூபியா என்பவன் பல வேடம் போடுகிறவன், நம்மூர்ப் பகல்வேஷக்காரனுக்குத் தூரத்து உறவு.) கோஷங்களை எதிர்பார்த்து நூலைத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். அதில் மனிதர்கள் பேசிக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். இழப்பு உறைப்பதும் அதனால்தான்.

பாடத்தைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் சொன்னது. ஆனால் கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்துகிற ஆசிரியருக்கு, எல்லாப் பசுக்களும் ஒரே மாதிரி இருந்தால்தான் வேலை சீக்கிரம் முடிகிறது.