மலைப்பாதை விபத்தும் அதன்பின் ஆற்றவேண்டியனவும்

விழா மலரிலே விபத்தைப் பற்றி எழுதுதல் பொருத்தமாமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் மலைநாட்டிலே ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வைத்தியராகவும் கடமையாற்றுகின்றனர். இந்நாள் மாணவரோ ஆண்டுதோறும் நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் செல்கின்றனர். இரு சாராரும் செல்லும் வழி ஒன்றே. அவ்வழியில் நாமும் ஒருநாள் விபத்தொன்றில் அகப்பட்டோம். அன்று நாம் செய்த தவறுகளே நமக்குப் பெரிதும் கற்பித்தமையால், கற்றவற்றைப் பிறர்க்கும் உரைத்தல் கடனெனக் கொண்டோம்.

ஹட்டனிலிருந்து கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்னும் ஊர்களைத் தொட்டு நுவரெலியாவுக்கு ஏறுகின்றது நெடுஞ்சாலை. இடைப்பட்ட பள்ளத்தாக்கே தேயிலைக்குப் பேர்போன திம்புள்ள. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். வளைவுக்கு வளைவு மூடுபனி. தென்மேற் பருவக்காற்றுக் காலத்தில் ஓயாத மழை. வேலைக்குச் செல்லும் தோட்டத்து மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடப்பதும் இச்சாலையின் ஓரத்திலேயே.

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் நானுஓயாவை அடுத்த ரதெல்லைக் குறுக்குப்பாதையில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவரை ஏற்றிய பஸ் ஒன்று, வான் ஒன்றுடனும் முச்சக்கரவண்டி ஒன்றுடனும் மோதிற்று. எழுவர் இறந்தனர், வானிற் சென்ற ஒரே குடும்பத்தார் பலர் அவருள் அடங்குவர். மாணவர் பலர் காயமுற்றனர். 2025ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் கொத்மலைக் கரண்டியெல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றிற்கு யார் பொறுப்பெனத் தீர்ப்பது நீதிமன்றின் வேலை. மலையிறக்கத்திலே வண்டி ஏன் அடங்காது போகின்றது என்பதை அறிதல் மட்டும் நம் அனைவர்க்கும் வேண்டியது.

பத்துத் தொன் எடையுள்ள பஸ் ஒன்று 300 மீற்றர் உயரம் இறங்குகின்றதெனக் கொள்வோம. அவ்விறக்கத்தில் அது இழக்கும் ஆற்றல் முழுவதையும் பிரேக்குகளே தாங்குமாயின், அங்கே பிறக்கும் வெப்பம் எண்பது லீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இத்துணை வெப்பமும் சில இரும்பு உருளைகளிற் சேருங்கால், பிரேக்குப் பட்டைகள் பற்றும் வலியை இழக்கின்றன. பிரேக்கு எண்ணெயால் இயங்கும் வண்டிகளில் அவ்வெண்ணெய் கொதித்து ஆவியாகவும் கூடும். அப்போது சாரதி மிதிக்கும் மிதி வெறுமையாய் இறங்கும். ஆதலாலேயே தேர்ந்த மலைச் சாரதிகள், ஏறும்போது எந்தக் கியரில் ஏறுவரோ அந்தக் கியரிலேயே இறங்குவர். இயந்திரம் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக்கு வேண்டும்போது உதவ ஆயத்தமாக இருக்கும். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர், மலைப்பாதையிற் பழக்கமுள்ளவரோ என்று சாரதியை முதலிலேயே வினவுதல் நன்று.

இனி நம் அநுபவத்துக்கு வருவோம். அதே 2023இன் ஆனி மாதம், லிந்துலையில் நண்பரொருவர் வீட்டுக்குச் சென்ற பழைய மாணவர் ஐவேம், மழையிலே வாடகை வானொன்றில் ஹட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தலவாக்கலை கழிந்து பத்தனைக்கு வருமுன் ஒரு வளைவில் எதிரே லொறியொன்று தோன்றிற்று. நம் சாரதி இடப்பக்கம் ஒடித்தார். வேலை முடிந்து லயத்துக்கு நடந்துகொண்டிருந்த கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவரை வானின் பக்கம் தட்டிற்று. அவர் கானுக்குள் வீழ்ந்தார். லொறி நில்லாது சென்றுவிட்டது.

“நிற்க வேண்டாம் சேர், சனம் கூடினால் அடிப்பார்கள், பொலிசுக்குப் போய்ச் சொல்லுவோம்” என்றார் சாரதி. நாம் ஐவரும் கற்றவர். ஆயினும் சில கணம் வாளாவிருந்தோம். அதுவே நம் முதற் றவறு. பின்னரே ஒருவர் கதவைத் திறந்து இறங்க, ஏனையோரும் இறங்கினோம். பெண்மணியின் வலக்கை முன்கையில் முறிந்திருந்தது. காலிலிருந்து குருதி பெருகிற்று. நம்முள் ஒருவர் இரக்கமேலீட்டாற் போத்தலிலிருந்த தேநீரை அவர் வாயில் ஊற்ற முயன்றார். அஃது இரண்டாந் தவறு. அதற்குள் மேற்கணக்கிலிருந்து ஓடிவந்த தோட்ட வைத்திய உதவியாளர், “ஒன்றும் குடிக்கக் கொடுக்காதீர்கள் ஐயா, ஒப்பரேசன் செய்யவேண்டி வந்தால் ஆபத்து” என்று தடுத்தார். சனம் கூடிற்று, எவரும் எவரையும் அடிக்கவில்லை. ஒருவர் தம் கம்பளியைக் கழற்றிப் பெண்மணியைப் போர்த்தினார். முதியவரொருவர் இரு இளைஞரைச் சிவப்புத் துணியுடன் வளைவின் மேலும் கீழும் நிறுத்தினார். நாம் நூலிற் படித்தவற்றை அவர்கள் செய்துகொண்டிருந்தனர்.

அன்று கண்டவற்றையும் பின்னர் அறிந்தவர்பாற் கேட்டவற்றையும் முறைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தல். சரிவாயின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தல். வளைவின் இருபுறமும் ஆள் நிறுத்துதல். மூடுபனியிலே இரண்டாவது வண்டி வந்து மோதுவதே முதல் விபத்தினுங் கொடியது.

இரண்டாவது, 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தல். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிப் பின் நாடெங்கும் பரந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இது, கட்டணமில்லை. பொலிசுக்கு 119. அழைப்போர் தோட்டத்தின் பெயர், கணக்கின் பெயர், அண்மையிலுள்ள பாலம் அல்லது கோவில் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறல் வேண்டும். லயங்களுக்குச் செல்லும் பாதை வண்டி ஏறாததாயின், சாலைச் சந்தியில் ஒருவர் காத்து நின்று வழிகாட்டுதல் நன்று.

மூன்றாவது, குருதி பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல்; பிடித்த கையை அடிக்கடி எடுத்துப் பாராதிருத்தல். நினைவிழந்தவர் மூச்சு விடுகின்றாரா எனக் கவனித்தல். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கக் கூடியவரைத் தீ, வெள்ளம் போன்ற வேறு ஆபத்து இல்லாதவிடத்து இழுக்கவோ மடக்கித் தூக்கவோ கூடாது. முச்சக்கரவண்டியில் மடக்கி ஏற்றியதனாலேயே நடக்கும் வலி இழந்தோர் உளர். இறுதியாக, குளிர். குருதி இழந்த உடல் குளிர்ந்தால் குருதி உறையும் தன்மை குறைகின்றது. மலைநாட்டு மழையிலே ஒரு கம்பளி ஓர் உயிரைக் காக்க வல்லது என்பதை அக்கம்பளிக்காரர் எந்நூலிலும் படித்திலர், ஆயினும் அறிந்திருந்தார்.

நான்காவது சட்டம் விதிக்குங் கடமை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் அகப்பட்ட சாரதி வண்டியை நிறுத்தவும், தம் பெயர் விலாசத்தைக் கொடுக்கவும், காயமுற்றவர்க்கு உதவவும், பொலிசுக்கு அறிவிக்கவும் கடமைப்பட்டவர் எனக் கூறுகின்றது. நில்லாது ஓடுதல் தனிக்குற்றம். தவறே செய்யாத சாரதியும் ஓடிவிட்டாற் குற்றவாளியாகின்றார்.

வண்டிகளைப் பொலிசார் வரும்வரை இருந்தபடியே விடல் வேண்டும். உயிர்காக்கும் பொருட்டு அசைக்க நேரின், முன்னரே கைத்தொலைபேசியாற் படமெடுத்தல் நன்று: சக்கரத் தடம், உடைந்த கண்ணாடி கிடக்கும் இடம், இலக்கத் தகடு, வானிலை. கண்டவர்களின் பெயரைக் குறித்தலும் வேண்டும். மழை தடத்தை ஒரு மணிநேரத்திற் கழுவிவிடும். நினைவோ ஒரு வாரத்தில் மாறிவிடும்.

ஐந்தாவதாக வருவது வாக்குமூலம். இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் பொருள். அப்பெண்மணி வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தபடியே வாக்குமூலம் அளித்தார். எழுதப்பட்டது அவர் வாசிக்க அறியாத மொழியில். “இங்கே கையெழுத்து வையுங்கள்” என்றதும் இடக்கையால் எழுதுகோலை வாங்கிவிட்டார். அருகில் நின்ற மகள், சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பவள், “அம்மா, பொறுங்க” என்று கூறி, எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுமாறு பணிவோடு கேட்டாள். வாசித்தபோது, ‘சாலையோரம்’ என்று தாய் கூறியது ‘சாலையின் நடுவே’ என்று எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. எழுதியவர்பால் வஞ்சனை இருந்ததென நாம் கருதவில்லை. சொல்லிலிருந்து சொல்லுக்கு மாறுகையில் நேர்ந்த பிழை. சுட்டியவுடன் திருத்தினார். ஆயினும் அந்த ஒரு சொல் நின்றிருந்தால், பிழை முழுவதும் அடிபட்டவர் தலையில் ஏறியிருக்கும்; நட்டஈடும் நழுவியிருக்கும். ஆகவே வாசித்துக் காட்டாததில் எவரும் ஒப்பமிடலாகாது. தமிழிற் பதிவுசெய்யுமாறு கேட்பது உரிமை. அதனைக் கேட்பதிற் குற்றமில்லை.

நட்டஈட்டுக்கு இரு வழிகள் உள. ஒன்று காப்புறுதி. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாந் தரப்பினர்க்கான காப்புறுதி கட்டாயம். எனவே வண்டி இலக்கத்தையும் காப்புறுதிச் சான்றிதழின் விவரத்தையும் அன்றே குறித்தல் வேண்டும். நீதிமன்றில் நட்டஈடு கோரும் வழக்கை இரண்டாண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். “பேசித் தீர்ப்போம்” என்ற சொல்லை நம்பிக் காலங் கடத்தி உரிமை இழந்தோர் பலர். மற்றையது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022இல் அது திருத்தப்பட்டு, வேலைக்குச் செல்லும்போதும் வேலையிலிருந்து திரும்பும்போதும் நேரும் விபத்துக்களையும் உள்ளடக்கிற்று. லயத்துக்குத் திரும்பிய அப்பெண்மணிக்கு இவ்வழியும் திறந்திருந்தது. அதனை அவர் அறியார். தோட்டத்திற் பலரும் அறியார். நம்முள் ஒருவரே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். மரணம் நேர்ந்த இடத்திலோ, திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கையையும் வைத்திய அறிக்கையையும் குடும்பத்தார் பெற்றுப் பேணுதல் வேண்டும்.

உடற்காயம் ஆறினாலும் உள்ளக்காயம் உடனே ஆறுவதில்லை. நம் சாரதி பல நாள் உறங்கவில்லை. மழை பெய்தால் அவர் கை நடுங்கிற்று. இது கோழைத்தனமன்று, அடிபட்ட மனத்தின் இயல்பு. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் இது தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் கனவும் நடுக்கமும் தொடரின் வைத்தியரை நாடல் வேண்டும். 1926 என்னும் எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தின் ஆலோசனை கிடைக்கும். காயப்படுத்தியவர் காயமுற்றவரைச் சென்று காண்பதும் ஒரு மருந்தே. நம் சாரதி ஒரு ஞாயிற்றுக்கிழமை பழங்களுடன் அந்த லயத்துக்குச் சென்றார். நாமும் உடன் சென்றோம். பெண்மணி இடக்கையாலேயே தேநீர் வார்த்துத் தந்தார். அன்றிரவே சாரதி முதன்முறையாக நன்கு உறங்கினாராம்.

அவர் கை மூன்று திங்களிற் கூடிற்று. ஆயினும் முன்போல் விரைந்து கொழுந்து கிள்ள இயலவில்லை என்கின்றார். நாள் ஒன்றுக்குக் கிள்ளும் கிலோவைக் கொண்டே கூலி கணிக்கப்படும் வாழ்விலே அதன் பொருள் யாதென வாசகர் உணர்வர்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பதறாதிருத்தல் பயிற்சியினால் வருவது. நம் கல்லூரி விழாவின் நினைவாகக் கட்டடங்கள் எழலாம், எழுக. அதனுடன், மேல்வகுப்பு மாணவர் அனைவர்க்கும் முதலுதவிப் பயிற்சி அளிக்கவும், ஒவ்வொரு சுற்றுலா வண்டியிலும் முதலுதவிப் பெட்டியொன்றும் கம்பளிகள் இரண்டும் வைக்கவும் பழைய மாணவர் சங்கம் ஆவன செய்யுமாயின், அது சிறிய செலவிற் பெரிய தருமமாகும். நாம் ஐவரும் அன்று வாளாவிருந்த அந்தச் சில கணம், நம் பின்வரும் மாணவர்க்கு நேராதிருப்பதாக.