சின்னசாமி மைதானத்தின் ஆகச் சிறந்த ஆட்டம் எது? கெயிலின் 175-ஆ, கவாஸ்கரின் 96-ஆ?

பெங்களூரு: ஒரே போட்டியில் தனி வீரர் ஒருவர் வெளிப்படுத்திய ஆகச் சிறந்த ஆட்டம் எது என்ற விவாதம் எல்லா விளையாட்டுகளிலும் உண்டு. அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் பலர் இப்போது ஷோஹெய் ஓட்டானியைச் சுட்டிக்காட்டுகின்றனர். 2025 அக்டோபர் 17 அன்று பந்துவீச்சில் 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த அவர், அதே ஆட்டத்தில் 3 ஹோம் ரன்களும் அடித்தார். பெங்களூரு சின்னசாமி மைதானத்தைப் பற்றி இதே கேள்வி எழுந்தால், உடனடியாக நினைவுக்கு வரும் பெயர் கிறிஸ் கெயில்.

2013 ஏப்ரல் 23 அன்று புணே வாரியர்ஸ் அணிக்கு எதிராக 30 பந்துகளில் சதம் கடந்த கெயில், 66 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 175 ரன்கள் குவித்தார். அதில் 17 சிக்ஸர்கள், 13 பவுண்டரிகள். போதாக்குறைக்குக் கடைசி ஓவரை வீசி 2 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். பெங்களூரு அணி 130 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது.

எனினும், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், குறுகிய எல்லைக்கோடுகளுடன் அமைந்த இந்த மைதானம் அதிரடி ஆட்டக்காரர்களுக்குச் சாதகமானது. அதே ஆண்டு நவம்பர் 2-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ரோஹித் சர்மா 209 ரன்கள் எடுத்தபோதும் 16 சிக்ஸர்கள் பறந்தன.

எண்ணிக்கையைவிட நெருக்கடியே அளவுகோல் என்போர், அயர்லாந்தின் கெவின் ஓ'பிரையனை முன்வைக்கின்றனர். 2011 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் 327 ரன்களைத் துரத்திய அயர்லாந்து, 111 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. 50 பந்துகளில் சதமடித்து அணியைக் கரைசேர்த்தார் அவர். பந்துவீச்சில், 2017-ல் இந்தியாவுக்கு எதிராக நாதன் லயன் 50 ரன்கள் கொடுத்து 8 விக்கெட்டுகள் வீழ்த்தியதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த டெஸ்டை 6 விக்கெட்டுகளுடன் முடித்துவைத்தவர் அஸ்வின்.

இவை அனைத்தையும்விடக் கடினமான சோதனை, 1987 மார்ச்சில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் சுனில் கவாஸ்கருக்கு வாய்த்தது. முதல் நாளிலிருந்தே பந்து தாறுமாறாகத் திரும்பிய ஆடுகளம் அது. மணிந்தர் சிங் 27 ரன்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுக்க, பாகிஸ்தான் 116 ரன்களில் சுருண்டது. பதிலுக்கு, இக்பால் காசிமும் தௌசீஃப் அகமதுவும் தலா 5 விக்கெட்டுகளைப் பங்கிட்டுக்கொள்ள, இந்தியா 145 ரன்களில் முடிந்தது.

வெற்றிக்கு 221 ரன்கள் தேவைப்பட்ட நான்காவது இன்னிங்ஸில், கவாஸ்கர் 264 பந்துகளைச் சந்தித்து 96 ரன்கள் எடுத்தார். மறுமுனையில் அசாருதீன் எடுத்த 26 ரன்களைத் தாண்டி வேறு எவரும் செல்லவில்லை. எகிறியும் தாழ்ந்தும் வந்த பந்துகளை மட்டைக்கு நெருக்கமாகவே அடக்கிய அந்த ஆட்டத்தில், சதத்துக்கு 4 ரன்கள் குறைந்தது குறையாகத் தெரியவில்லை. காசிம் வீசிய பந்தில் அவர் வெளியேற, இந்தியா 204 ரன்களில் ஆட்டமிழந்து 16 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. இந்திய மண்ணில் பாகிஸ்தான் வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. தோற்ற அணியில் இருந்தும் ஆட்டநாயகன் விருதைப் பெற்ற கவாஸ்கர், அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை.