கட்டைவிரல் ஓட்டும் கால்கள்

மாலை ஷிப்டு முடியும் நேரத்தில் ஒரகடம் கூட்டு ரோட்டில் சற்று நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் சிலர் செல்போனைக் குறுக்குவாட்டில் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரல்களாலும் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இடது கட்டைவிரல் ஓயாமல் வட்டமிடும். வலது கட்டைவிரல் வெடுக்கென்று இழுக்கும், தட்டும். உள்ளே சண்டை நடக்கிறது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்!

இந்தச் சுடும் விளையாட்டுகளைப் பற்றி உங்கள் வகுப்பிலும் பேச்சு நடக்கும். எந்தத் துப்பாக்கி நல்லது, எதற்குத் தோட்டா அதிகம் என்றுதான் பெரும்பாலும் வாதம். ஆனால் சண்டையின் போக்கைத் தீர்மானிப்பதில் துப்பாக்கியைவிடக் கால்களுக்குப் பங்கு அதிகம். வீரன் எவ்வளவு விரைவில் வேகமெடுக்கிறான், எவ்வளவு விரைவில் நிற்கிறான், ஓடும்போது அவனால் குறி பார்க்க முடியுமா என்னும் கேள்விகளுக்கு விளையாட்டு சொல்லும் விடையிலிருந்துதான் சண்டையின் தாளம் பிறக்கிறது.

முதலில் ஓர் எளிய விளையாட்டைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா செல்போன் தொழிற்சாலை நடந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நோக்கியா போன் என்றதும் பாம்பு விளையாட்டைத்தான் சொல்வார்கள். பாம்பைத் திருப்ப நான்கு திசைகள், அவ்வளவுதான். பாம்பால் நிற்க முடியாது. இந்த ஒரு விதிதான் விளையாட்டின் உயிர். பாம்பை நிறுத்த ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டால் ஆற அமர யோசித்து ஆடலாம்; பரபரப்பு போய்விடும்.

இப்போது வீரனின் கண் வழியாகவே உலகத்தைப் பார்த்துச் சுடும் விளையாட்டுக்கு வருவோம். இந்த வகையை உலகெங்கும் பரப்பியவற்றுள் முக்கியமானது 1993 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டூம்’. அதன் கணக்கு நம் இயற்பியல் புத்தகத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

டூமில் ஒரு வினாடி 35 சிறு துடிப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓடும் பொத்தானை அழுத்தியிருந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் வீரனின் வேகத்தோடு சுமார் 1.56 அலகு கூடும். இது முடுக்கம். அதே துடிப்பில் வேகம் சுமார் 0.906 ஆல் பெருக்கப்பட்டுக் குறையும். இது உராய்வு. கூடுவதும் குறைவதும் சமமாகும்போது வேகம் நிலைபெறுகிறது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 16.7 அலகு, அதாவது வினாடிக்கு 583 அலகு. நோட்டை எடுத்து, சுழியத்திலிருந்து தொடங்கிக் கூட்டிப் பெருக்கிப் பாருங்கள். இருபது முப்பது வரிகளில் நீங்களே அந்த எண்ணை நெருங்கிவிடுவீர்கள்.

பொத்தானை விட்டதும் வீரன் உடனே நிற்பதில்லை. ஏறத்தாழ 160 அலகு தூரம் சறுக்கிக்கொண்டு போகிறான். அவன் உடலின் அகலமே 32 அலகுதான். ஐந்து ஆள் அகலத்துக்குச் சறுக்கல்! ஆனாலும் ஒரு சலுகை உண்டு: ஓடினாலும் சறுக்கினாலும் அவனுடைய குறி கொஞ்சமும் கெடாது.

இம்ப் என்ற அரக்கன் எறியும் நெருப்புப் பந்தின் வேகம் வினாடிக்கு 350 அலகு மட்டுமே. வீரன் அதைவிட வேகமாக ஓடுகிறான்! எனவே மறைவிடம் தேடி ஒளிவதற்கு அவசியமில்லை. பந்துக்குப் பக்கவாட்டில் விலகி, எதிரியைச் சுற்றி வட்டமாக ஓடிக்கொண்டே சுடலாம். டூமின் சண்டை ஒரு கும்மியைப் போலச் சுழல்வதற்குக் காரணம் இந்த இரண்டு எண்கள்தாம்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. முன்னோக்கி ஓடும் விசைக்கு 50 என்றும், பக்கவாட்டு விசைக்கு 40 என்றும் அளவு வைத்திருந்தார்கள். இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால்? பிதாகரஸ் தேற்றம் உங்களுக்குத் தெரியும். 2500ஐயும் 1600ஐயும் கூட்டினால் 4100. அதன் வர்க்கமூலம் சுமார் 64. குறுக்காக ஓடுபவன் நேராக ஓடுபவனைவிட 28 சதவீதம் வேகமாகப் போய்விடுகிறான். வெக்டர்களைக் கூட்டிய பிறகு மொத்தத்துக்கு வரம்பு வைக்காமல் விட்டதன் விளைவு இது. ஆட்டக்காரர்கள் இதை விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘க்வேக்’கில் வேகத்துக்கு வரம்பு இருந்தது. ஆனால் வீரன் தாவி அந்தரத்தில் இருக்கும்போது கணிப்பொறி சரிபார்த்தது மொத்த வேகத்தை அல்ல; அவன் போக விரும்பும் திசையில் உள்ள கூறை மட்டுமே. தாவும்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டு பார்வையையும் மெல்லத் திருப்பினால் வரம்பைத் தாண்டி வேகம் ஏறிக்கொண்டே போகும். இந்தத் தொடரின் நிரலை எழுதிய ஜான் கார்மாக், அடுத்து வந்த பதிப்பு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, 1999இல் இதைப் பிழை என்றே எழுதினார். திருத்தியும் பார்த்தார். திருத்தியபின் சாதாரண ஓட்டமே சுகப்படவில்லையாம்! பிழை தங்கிவிட்டது, வித்தையாகவும் ஆகிவிட்டது.

இனி நேர்மாறான விளையாட்டு ஒன்று. அதற்கு முன் பள்ளி மைதானத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பந்தை எறிந்து மற்றவரை அடிக்கும் ஆட்டம் உங்களுக்குத் தெரியும், பேய்ப்பந்து என்பார்கள். ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு முதல் பத்து நிமிடம், ஓடிக்கொண்டே எறியலாம் என்று ஆடுங்கள். அடுத்த பத்து நிமிடம், இரண்டு கால்களும் நின்ற பிறகுதான் எறிய வேண்டும் என்று விதி வையுங்கள். முதல் ஆட்டத்தில் எல்லோரும் மைதானம் முழுக்கச் சிதறி ஓடுவார்கள். இரண்டாவது ஆட்டத்தில் மரத்தடியிலும் சுவரோரத்திலும் பதுங்குவார்கள். எறிபவன் நிற்கும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருப்பார்கள். பந்து அதேதான், ஆட்களும் அவர்களேதான்.

1999இல் தொடங்கிய ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ இந்த இரண்டாவது வகை. ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கெங்கோ போகும். 2012இல் வந்த பதிப்பில் ஏகே-47 துப்பாக்கியோடு ஓடுபவனின் உச்ச வேகம் வினாடிக்கு 215 அலகு. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வேகம் இறங்கினால்தான் குறி நிலைக்கும். ஆகவே இங்கே கேள்வி, எவ்வளவு வேகமாக ஓடுகிறாய் என்பதல்ல. எவ்வளவு சீக்கிரம் நிற்கிறாய் என்பதுதான்.

பொத்தானை விட்டுவிட்டு உராய்வை நம்பியிருந்தால் தாமதமாகும். அதனால் தேர்ந்தவர்கள் வலப்புறம் ஓடும்போது அந்தப் பொத்தானை விட்டுவிட்டு இடப்புறப் பொத்தானை ஒரு கணம் தட்டுவார்கள். எதிர்த்திசை முடுக்கமும் உராய்வும் சேர்ந்து வேகத்தைச் சட்டென்று தின்றுவிடும். அந்த நொடியில் சுடுவார்கள். வண்டியைத் தானாக ஓய விடுவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தைப் போன்ற இடங்களில், பிரேக் பிடித்த வண்டி எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளந்து பார்ப்பது வழக்கமான வேலை. கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுபவனும் அதே அளவைத் தன் விரலில் வைத்திருக்கிறான்.

இதைப் பழக மாதக்கணக்கில் ஆகும். அப்படியிருக்க, எதிர்ப் பொத்தானைத் தொட்ட மாத்திரத்தில் முந்தைய பொத்தானைத் தானே விடுவித்துவிடும் விசைப்பலகைகள் விற்பனைக்கு வந்தன. பழகியவனுக்கும் பணம் கொடுத்து வாங்கியவனுக்கும் வேறுபாடு குறைந்தது. விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அதிகாரபூர்வ ஆட்டங்களில் இந்த வசதியைத் தடை செய்தது. சரியான முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. நிற்கும் வித்தையை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் பாதி போய்விடும்.

சரி, பஸ் ஜன்னலோர இளைஞரிடம் திரும்புவோம். அவர் கையில் இருப்பது ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் பூட்டப்பட்ட ஐபோனாகவே இருக்கலாம். 2019 முதல் அங்கே ஐபோன்கள் தயாராகின்றன. கணிப்பொறியில் ஆடுபவனுக்குப் பத்து விரல்கள். இவருக்கு இரண்டு கட்டைவிரல்கள். பொத்தானை அழுத்தினால் விரலுக்கு அது தெரியும்; கண்ணாடியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இடது கட்டைவிரல் வட்டத்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கண்ணால்தான் அறிய வேண்டும். கண்ணோ எதிரியைத் தேடிக்கொண்டிருக்கிறது! ஓடவும், திரும்பவும், சுடவும் இரண்டு விரல்கள் போதாது.

போதாத விரலுக்குப் பதிலாக விளையாட்டே சில வேலைகளை ஏற்றுக்கொள்கிறது. எதிரியின் அருகே குறி வந்தால் சற்று ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. 2019இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி மொபைல்’ விளையாட்டில் எளிய முறை ஒன்று உண்டு. குறி எதிரியின் மேல் பட்டதும் துப்பாக்கி தானாகச் சுடும். சில விளையாட்டுகளில் போனையே சாய்த்துக் குறி பார்க்கலாம். போனுக்குள் இருக்கும் மிகச் சிறிய கைரோஸ்கோப் அந்தச் சுழற்சியை அளக்கிறது. விரலுக்கு வேலை குறைந்து மணிக்கட்டுக்குப் போகிறது.

தானாகச் சுடும் முறையில் அந்த இளைஞர் செய்வது என்ன என்று யோசித்துப் பாருங்கள். எங்கே நிற்பது, எப்போது சுவரை விட்டு வெளியே வருவது, எந்தக் கோணத்தில் திரும்புவது என்பவை மட்டும் அவர் கையில் இருக்கின்றன. விசையை இழுப்பது நிரல்.

உங்கள் வீட்டில் யாராவது இத்தகைய விளையாட்டை ஆடினால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒவ்வொரு முறை அவர் சுடப்படும்போதும் ஓடிக்கொண்டிருந்தாரா, நின்றிருந்தாரா, வேகமெடுக்கும் அந்த முதல் நொடியில் இருந்தாரா? மூன்று கட்டங்கள் போதும். இருபது முறை குறித்த பிறகு தாளை அவரிடமே காட்டுங்கள்.