புகைப்படமும் பதிப்புரிமையும்



பழைய புகைப்படங்கள் சரித்திரத்தைக் காட்டும் கண்ணாடிகள். கோவையில் மில்கள் எழுந்த காலமும், காந்தியடிகள் இங்கு வந்து சென்ற நாட்களும், நம் அம்மாயிமார் மணக்கோலத்தில் நின்ற தோற்றமும் அவற்றால்தான் நமக்குத் தெரிகின்றன. இத்தகைய படங்களைப் பலர் ஆவணக் காப்பகங்களுக்கு நன்கொடையாக வழங்குகின்றனர். படத்தைக் கொடுத்தால் அதன் பதிப்புரிமையும் சேர்ந்து போய்விடுமா?

கிணற்றை விற்றவன், "தண்ணீரை விற்கவில்லை" என்று வழக்காடிய கதையை நாம் கேட்டிருக்கிறோம். கதையில் அது வஞ்சகம். பதிப்புரிமையிலோ அதுவே சட்டம்! 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் வேறு, உரிமை வேறு. படம் காப்பகத்தின் சொத்தாகலாம். அதை அச்சிடும் உரிமை, எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால்தான் கைமாறும். உயிலுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதுவரை வெளியிடாத தம் படத்தை உரிமையாளர் உயிலில் எழுதி வைத்தால், வேறு கருத்து அதில் இல்லாத வரையில், உரிமையும் உடன் செல்லும்.

முதலில் உரிமை யாருடையது? பொதுவாகப் படம் எடுத்தவருடையது. பணம் கொடுத்து ஸ்டுடியோவில் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருடையது. பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்துள்ளது. நல்ல பணி! ஆயினும் இத்தகைய பழைய படங்களில் இருப்பவர் யார் என்றே தெரியாவிட்டால், அனுமதியை யாரிடம் கேட்பது?

உரிமைக்கும் ஆயுள் உண்டு. முன்பு, படம் வெளியான ஆண்டுக்குப் பின் 50 ஆண்டுகள். 1992 முதல் 60 ஆண்டுகள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும். ஏற்கெனவே முடிந்துபோன உரிமை மீண்டும் உயிர் பெறாது. ஆகவே 1947-ல் எடுத்து அவ்வாண்டே வெளியான படம் இன்று எல்லோருக்கும் பொது.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா (1913-2012). தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரிலேயே வெளியாயின. பிற்காலத்தில் தம் படத்தொகுப்பை டில்லியிலுள்ள அல்காஸி கலை அறக்கட்டளைக்கு வழங்கினார். இன்று அப்படங்கள் அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பின்னும், "இது நான் எடுத்த படம்" என்று சொல்லும் உரிமை எடுத்தவரை விட்டு நீங்காது என்பது சட்டத்தின் மிக அழகிய பகுதி.

தோழியரே! நம் வீட்டு பீரோவில் உள்ள படங்களைக் காப்பகத்திற்குக் கொடுக்குமுன், எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர், படத்தில் இருப்பவர் யார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். உரிமை நம் குடும்பத்தினுடையதாயின், பயன்படுத்த அனுமதிக் கடிதமும் இணைப்போம். அக்கடிதம் இல்லாத படம், பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் விளக்கைப் போன்றதே. படத்தைக் காப்போம், எடுத்தவர் பெயரையும் காப்போம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி