மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு எந்த ஒயில்?

"எந்த ஒயில் விட்டாலென்ன, எல்லாம் எண்ணெய்தானே?" வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்தும் என்னிடம் கடற்றொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வியில் பிழையில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். அன்று கையில் கிடைத்ததுதான் ஒயில். தட்டுப்பாடு போய்விட்டது, ஆனால் கிடைத்ததை ஊற்றும் பழக்கம் போகவில்லை.

சிறிய பைபர் படகுகளில் பூட்டப்படும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பெரும்பாலும் ரூ-ஸ்ரோக் வகை. கார் இயந்திரத்தின் அடியில் ஒயில் தேங்கி நிற்கும். பம்ப் அதைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும். ரூ-ஸ்ரோக்கில் அப்படி ஒரு தேக்கம் இல்லை. எரிபொருளோடு கலந்து உள்ளே போகும் ஒயில், போகும் வழியில் பெயாரிங்குகளிலும் சிலிண்டர் சுவரிலும் படிந்து தேய்மானத்தைத் தடுக்கிறது. பிறகு எரிபொருளோடு சேர்ந்து எரிந்து போகிறது. ஆகவே இந்த ஒயிலுக்கு இரண்டு வேலை: முதலில் வழுக்க வேண்டும், பிறகு மிச்சமில்லாமல் எரிய வேண்டும்.

கார், லொறி ஒயில் முதலாவது வேலைக்கு மட்டுமே செய்யப்பட்டது. அதில் கல்சியம், நாகம் போன்ற உலோகங்கள் கொண்ட சேர்மானங்கள் இருக்கின்றன. எரியும்போது அவை சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பல் பிஸ்ரனின் தலையிலும் பிளக்கிலும் படியும். றிங் இருக்கும் பள்ளங்களிலும் கரி அடைத்தால் றிங் இறுகும், அமுக்கம் குறையும், கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் இயந்திரம் ஸ்ரார்ட் ஆகாது.

அப்படியென்றால் மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் ரூ-ரி ஒயில்? அது காற்றால் குளிரும், அதிக சூட்டில் ஓடும் இயந்திரத்துக்கானது. போத்தலில் ஜாசோ எஃப்சி, எஃப்டி என்று இருக்கும். படகு இயந்திரத்தைக் கடல்நீர் குளிர்விக்கிறது. அது ஓடும் சூடு வேறு. அதற்கான ஒயிலின் போத்தலில் 'ரிசி-டபிள்யூ3' என்ற குறி இருக்க வேண்டும். உலோகச் சாம்பல் விடாத வகை அது. துருப்பிடிப்பதைத் தடுக்கும் தன்மைக்கும் பரிசோதிக்கப்படுவது. உப்புநீரில் தொழில் செய்பவருக்கு அது சிறிய விடயமல்ல. கடைக்குப் போனால் நிறத்தைப் பார்க்காதீர்கள். நிறம் சாயத்தால் வருவது. குறியைப் பாருங்கள். சீல் இல்லாத போத்தலில் அளந்து விற்கும் ஒயிலில் என்ன இருக்கிறதென்று எவராலும் சொல்ல முடியாது.

அடுத்தது அளவு. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல விரைவாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சும் துளிகள் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிவிடும். அதனால்தான் மண்ணெண்ணெய் இயந்திரங்களுக்குப் பெற்றோல் இயந்திரத்தைவிடக் கூடுதலான ஒயில் சொல்லப்படுகிறது. சரியான விகிதம் உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும். அதை மில்லிலீற்றராக மாற்றுவது எளிது. 50:1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். 20 லீற்றர் கானுக்கு 400. 25:1 என்றால் லீற்றருக்கு 40; அதே கானுக்கு 800. புதிய இயந்திரத்தின் முதல் சில மணித்தியாலங்களுக்கு இன்னும் கூடுதலாக விடச் சொல்லியிருப்பார்கள். அதைத் தவறவிட வேண்டாம்.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியபோது, பலர் ஒயிலில் கையைக் குறைத்தார்கள். அந்த நெருக்கடி எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒயில் குறைந்தால் பிஸ்ரன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அது கரையில் நடக்காது. முழு வேகத்தில், நடுக்கடலில் நடக்கும். ஒற்றை இயந்திரப் படகு பாக்கு நீரிணையில் நின்றால், நீரோட்டம் அதை எல்லைக்கோட்டைத் தாண்டியும் இழுத்துப் போகலாம். மிச்சம் பிடித்த ஒயிலின் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூட்டி விட்டால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். கூடினால் புகையும் கரியும், நனைந்த பிளக்கும்தான் மிஞ்சும். கண்ணளவாக ஊற்றாமல் ஒரு வெறும் போத்தலில் கோடு கீறி வையுங்கள். கானில் பாதி மண்ணெண்ணெய், பிறகு ஒயில், நன்றாகக் குலுக்கி, பிறகு மீதி மண்ணெண்ணெய். இந்த வரிசையில் கலந்தால் ஒயில் அடியில் தங்காது.

இயந்திரத்தைப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லாருக்கும் தெரியும். கரைக்கு வரும்போது மறுபடி பெற்றோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட்டு நிறுத்துவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காபரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கினால் மறுநாள் விடியற்காலையில் அது தன் வேலையைக் காட்டும். பெற்றோல் கானிலும் அதற்குரிய அளவு ஒயில் கலந்திருக்க வேண்டும்.

போரில் கணவரை இழந்த பெண்கள் சிலர் படகையும் இயந்திரத்தையும் பங்குக்குக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். கடலுக்குப் போகாத உரிமையாளர் இயந்திரத்தின் நிலையை எப்படி அறிவது என்று அவர்கள் கேட்பதுண்டு. மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முனை இளம் மண்ணிறமாக இருந்தால் நல்லது. கறுத்து நனைந்திருந்தால் ஒயில் கூடியிருக்கலாம், அல்லது மண்ணெண்ணெய் சரியாக எரியவில்லை. வெளிறி, சிறு உலோகப் பொட்டுகள் தெரிந்தால் இயந்திரம் அளவு மீறிச் சூடாகிறது. திருத்துபவரிடம் காட்டும்வரை கடலுக்கு விடாதீர்கள்.

கானின் மேல் விகிதத்தைப் பெயின்றால் எழுதி வைப்பதும் நல்லது. யார் கலந்தாலும் அளவு மாறாது.